நுரையை விடலாம், ஃப்ளோரைடை யோசித்து விடுங்கள்: இயற்கைப் பற்பசைக்கு மாறும் வரிசை

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பலர் இயற்கைப் பற்பசைக்கு மாறினார்கள். முதலில் மாறியவள் நான் என்பதால் சந்தேகம் வந்தால் தட்டப்படுவது என் வீட்டுக் கதவுதான். மாறியவர்களில் பாதிப் பேர் மூன்றாவது வாரத்தில் பழைய ட்யூபைத் தேடி எடுத்துவிட்டார்கள். கேட்டால் "பல் கூசுகிறது", "துலக்கியது போலவே இல்லை", "ஈறில் ரத்தம் வருகிறது" என்று மூன்றே காரணங்கள். பற்பசையே சரியில்லாமல் போனது ஓரிருவருக்குத்தான். மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியவர்கள், அல்லது பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்தவர்கள். நானும் முதல்முறை அப்படித்தான் தோற்றேன். இரண்டாம் முறை எந்த வரிசையில் செய்தேனோ, அதையே இங்கே எழுதுகிறேன்.

1. எதை விடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"கெமிக்கல் வேண்டாம்" என்பது முடிவு ஆகாது. உப்பும் கெமிக்கல்தான். உங்கள் ட்யூபில் இருப்பவற்றில் எது வேண்டாம் என்று பெயர் சொல்லத் தெரிந்தால்தான் கடையில் சரியானதை எடுக்க முடியும்.

சாதாரணப் பற்பசையில் ஆறு வகைப் பொருள்கள் வேலை செய்கின்றன. தேய்ப்பதற்கு சிலிக்கா அல்லது கால்சியம் கார்பனேட். காயாமல் இருக்க சார்பிட்டால் அல்லது கிளிசரின். கெட்டியாக நிற்க ஒரு பசை. நுரைக்கு சோடியம் லாரில் சல்பேட். இனிப்புக்குப் பெரும்பாலும் சாக்கரின், கூடவே புதினா வாசனை. கடைசியாக, பல் சொத்தையைத் தடுக்க ஃப்ளோரைடு. கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசைகளில் பொட்டாசியம் நைட்ரேட் போன்ற ஓர் உப்பும் சேரும்.

இவற்றில் நுரை தரும் பொருளை விட்டால் பல்லுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்களில் சிலருக்கு அதை விட்டதும் குறைகிறது. என் கணவர் அப்படி ஒருவர். சாக்கரினையும் நிறத்தையும் வாசனையையும் கூட விடலாம். நாக்கு ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிடும்.

ஃப்ளோரைடு அப்படியல்ல. பல்லின் மேற்பூச்சான எனாமல் ஒவ்வொரு முறை நாம் சாப்பிட்ட பிறகும் கொஞ்சம் கரைந்து, உமிழ்நீரில் இருக்கும் தாதுக்களால் மறுபடி கட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டுமானத்துக்குத் துணை நிற்பது ஃப்ளோரைடு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃப்ளோரைடு பற்பசையைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. விட்டால் விலை கொடுக்க வேண்டிய பொருள் அந்த ட்யூபில் இது ஒன்றுதான். விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விடுவதாக இருந்தால் தெரிந்து விடுங்கள் என்கிறேன்.

ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: நான் விடுவது இது, வைத்துக்கொள்வது இது. கடையில் நிற்கும்போது கைகொடுக்கும்.

2. யாரெல்லாம் இப்போதைக்கு மாறக் கூடாது

சொத்தை இருந்து இன்னும் அடைக்காதவர்கள், பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பவர்கள், மாத்திரைகளாலோ சிகிச்சையாலோ வாய் எப்போதும் உலர்ந்திருப்பவர்கள், ஈறு நோய்க்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். இவர்கள் ஃப்ளோரைடைக் கைவிடுவது பல் மருத்துவரைக் கேட்ட பிறகே. சர்க்கரை நோய் இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். என் அப்பாவுக்குச் சர்க்கரை. வீட்டில் எல்லோரும் மாறியும் அவர் பற்பசையை நாங்கள் தொடவில்லை.

கூச்சத்துக்கான பற்பசை போடுகிறவர்களும் அவசரப்பட வேண்டாம். அந்த உப்பு வேலை செய்யவே சில வாரம் பிடிக்கும். நிறுத்தினால் கூச்சம் திரும்பும். முதல்முறை நான் தோற்றது இங்கேதான். என் ட்யூப் கூச்சத்துக்கானது என்பதையே மறந்து ஒரே நாளில் தூக்கிப் போட்டேன். பதினைந்தாம் நாள் மோரைக்கூட வெதுவெதுப்பாக்கிக் குடித்தேன். குற்றவாளி புதுப் பற்பொடி என்று பாவம் அதைத் திட்டினேன்.

3. மாறும் முன் ஒருமுறை பல்லைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்

பல்லின் மேல் தினமும் படியும் மெல்லிய வழவழப்பான படலத்தை எந்தப் பற்பசையும், ஏன், வெறும் பிரஷ்ஷும் கூட அகற்றும். அதை அப்படியே விட்டால் உமிழ்நீரில் உள்ள தாதுக்கள் ஏறிக் காரையாக இறுகிவிடும். காரையை வீட்டில் எதைக்கொண்டும் எடுக்க முடியாது; பல் மருத்துவரின் கருவியால்தான் வரும். "இந்த மூலிகைப் பொடி காரையைக் கரைக்கும்" என்று யாராவது சொன்னால், அந்தப் பொடி காரையோடு பல்லையும் சேர்த்துத் தேய்க்கிறது என்று பொருள்.

முன்னதாகவே சுத்தம் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஏற்கெனவே எங்கே சொத்தை, எங்கே ஈறு இறங்கியிருக்கிறது என்பது எழுத்தில் கிடைத்துவிடும். ஆறு மாதம் கழித்து ஒப்பிட வேறு வழி இல்லை.

சுத்தம் செய்த மறுநாளே புதுப் பற்பசையைத் தொடங்காதீர்கள். காரை போன இடத்தில் சில நாள் கூச்சம் இருப்பது இயல்பு. ஒரு வாரம், பத்து நாள் போகட்டும். இல்லாவிட்டால் அந்தக் கூச்சத்தின் பழி புதுப் பற்பசையின் தலையில் விழும்.

4. வீட்டுக்கு வரும் தண்ணீர் எது என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதவர்களை நான் பார்த்ததே இல்லை. பெங்களூரில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குக் காவிரி, அடுத்த வீட்டுக்குப் போர்வெல், அதற்கடுத்த அடுக்ககத்துக்கு டேங்கர் லாரி. அதற்கு மேல் சமையலறையில் ஆர்.ஓ. கருவி.

நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்பது பாறையைப் பொறுத்தது. பக்கத்துக் கோலார், சிக்கபள்ளாபூர் மாவட்டங்களில் பல இடங்களில் அது அதிகம். இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்றும் வைத்திருக்கிறது. அதைத் தாண்டிய நீரைப் பல ஆண்டு குடித்தால் வளரும் குழந்தைகளின் பல்லில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் விழும். இன்னும் அதிகமானால் எலும்பையும் பாதிக்கும்.

இங்கே இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். "எங்கள் வீட்டில் போர் தண்ணீர், ஃப்ளோரைடு தானாகவே வந்துவிடும், பற்பசையில் வேண்டாம்" என்பது ஒன்று. அடுக்ககத்து ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. அது மட்டுமல்ல, குடிப்பது ஆர்.ஓ. நீர் என்றால் அந்தக் கருவி ஃப்ளோரைடில் பெரும்பகுதியை வடித்தெடுத்து விடுகிறது. குழாயில் இருப்பது வாய்க்கு வருவதே இல்லை.

மற்றொன்று இதற்கு நேர்மாறு: ஃப்ளோரைடு என்ற சொல்லைக் கேட்டாலே நஞ்சு என்று பயப்படுவது. பெரியவர்கள் பற்பசையைத் துப்பிவிடுகிறார்கள். அது பல்லின் மேற்பரப்பில் வேலை செய்துவிட்டு வெளியே போகிறது. கவலை விழுங்குகிறவர்களைப் பற்றியது. அதாவது குழந்தைகளைப் பற்றியது. அதைப் பத்தாம் படியில் சொல்கிறேன்.

நீரைப் பரிசோதித்து அளவு கூடுதலாக இருந்து, அதையே குடித்தும் வருகிறீர்கள் என்றால் முதலில் மாற்ற வேண்டியது தண்ணீர். பற்பசை அப்புறம்.

5. பழைய பற்பசையிலேயே ஒரு வாரம் பயிற்சி

புது ட்யூபைத் திறக்கும் முன் துலக்கும் முறையை மாற்றுங்கள். பழைய பற்பசையை வழக்கமாக வைப்பதில் கால்வாசி மட்டும் எடுத்து, இரண்டு நிமிடம் துலக்குங்கள். கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். நாம் இரண்டு நிமிடம் என்று நினைப்பது பெரும்பாலும் முக்கால் நிமிடம்தான்.

இதன் காரணம் நுரை. வாய் நிறைய நுரைத்ததும் "ஆயிற்று" என்று கை நின்றுவிடப் பழகியிருக்கிறோம். நுரை குறைந்த பற்பசையில் அந்த அடையாளம் கிடைக்காது. அப்போது புதியவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், இன்னும் கொஞ்சம் பற்பசை வைக்கிறார்கள், இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். ஈறில் ரத்தம் வரத் தொடங்குவது இதற்குப் பிறகுதான்.

மென்மையான இழைகளுள்ள பிரஷ்ஷை வாங்குங்கள். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்துப் பிடித்து, பாத்திரம் துலக்குவதுபோல இழுக்காமல், சிறுசிறு அசைவாகச் செய்யுங்கள். முடிந்ததும் நாக்கு நுனியால் எல்லாப் பல்லின் உட்புறத்தையும் தடவுங்கள். கண்ணாடிபோல வழுக்கினால் சுத்தம். எங்காவது சொரசொரவென்றோ பாசி போலவோ பட்டால் அந்த இடம் விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் கீழ்ப்பல்லின் உட்பக்கமும், மேல் கடைவாய்ப் பல்லின் கன்னத்துப் பக்கமும்தான். இனி நுரைக்குப் பதில் இந்த நாக்குச் சோதனைதான் உங்கள் அடையாளம். அது கைவந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

6. அட்டையைப் படிக்கும் முறை

"இயற்கை", "மூலிகை" என்ற சொற்களை அட்டையின் முன்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

ஆயுர்வேத உரிமத்தில் வரும் பற்பசைகளில் பட்டியல் இரண்டு துண்டாக இருக்கும். மேலே மூலிகைகள், 10 கிராமில் இத்தனை மில்லிகிராம் என்று. கீழே சிறிய எழுத்தில் "அடிப்படைப் பொருள்" என்று ஒரு வரி. 10 கிராமில் வேம்பு 10 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. மீதி அந்தச் சிறிய எழுத்து வரியில் இருக்கிறது. பலமுறை அங்கே சோடியம் லாரில் சல்பேட்டும் சாக்கரினும் சுகமாக உட்கார்ந்திருக்கும். நுரையை விட வேண்டும் என்று வந்தவர் அதே நுரையைப் பச்சை அட்டையில் வாங்கிக்கொண்டு போவார். என் பக்கத்து வீட்டு மாமி ஒரு வருடம் அப்படித்தான் "இயற்கைக்கு மாறி" இருந்தார்.

ஃப்ளோரைடு இருந்தால் எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அட்டையிலும் ட்யூபிலும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் உச்ச அளவு 1000. அந்த எண்ணே இல்லையென்றால் ஃப்ளோரைடு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நுரையில்லாமல் ஃப்ளோரைடு மட்டும் உள்ள பற்பசைகளும் கிடைக்கின்றன. தேடத்தான் வேண்டும், ஆனால் இடைவழி வேண்டும் என்பவர்களுக்கு என் சிபாரிசு அதுதான்.

ஃப்ளோரைடு வேண்டவே வேண்டாம் என்பவர்கள் ஹைட்ராக்சிஅபடைட் இருக்கிறதா என்று பாருங்கள். எனாமல் எதனால் ஆனதோ அதே தாது. ஜப்பானில் 1993 முதல் சொத்தைத் தடுப்புப் பொருளாக அங்கீகாரம் பெற்றது. ஃப்ளோரைடு அளவுக்கு நெடுங்கால ஆதாரம் அதற்கு இன்னும் சேரவில்லை. ஆனாலும் வெறும் மூலிகைக்கு அது மேல்.

கரித்தூள் பற்பசையை நான் யாருக்கும் சொல்வதில்லை. தேய்க்கும் தன்மை அதிகம். ஈறின் ஓரத்திலும் பழைய அடைப்புகளின் விளிம்பிலும் கறுப்பாகத் தங்கிவிடுகிறது. ட்யூபின் அடியில் இருக்கும் பச்சை, கறுப்புக் கட்டத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ட்யூபை எங்கே வெட்டி ஒட்டுவது என்று இயந்திரத்துக்குக் காட்டும் குறி. உள்ளே இருக்கும் பொருளுக்கும் அதற்கும் உறவில்லை.

7. வீட்டில் பற்பொடி செய்வதென்றால்

பற்பசையோடு நிற்பவர்கள் இதைத் தாண்டிவிடலாம். பொடிதான் வேண்டும் என்பவர்கள் பெங்களூரில் முதலில் திணறுவது கடையில். "நாட்டு மருந்துக் கடை" என்று கேட்டால் அவென்யூ ரோட்டில் புரிந்துகொள்வார்கள், மற்ற இடங்களில் திருதிருவென்று விழிப்பார்கள். இங்கே அதற்குப் பெயர் கிரந்திகே அங்கடி. பூஜைச் சாமானும் மூலிகையும் ஒன்றாக விற்கும் கடை.

பெயர்களும் மாறும். கடுக்காய் இங்கே அளலெகாயி. இந்துப்பு சைந்தவ லவண. அதிமதுரம் ஜேஷ்டமது. கிராம்பு லவங்க. கருவேலம்பட்டைக்குக் கரிஜாலிப் பட்டை என்று கேளுங்கள். வெறுமனே "ஜாலி" என்று கேட்டுவிடாதீர்கள். பள்ளாரி ஜாலி என்று இங்கே சொல்வது நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தை. அது வேறு மரம், வாய்க்குள் போக வேண்டியதல்ல.

நான் வைத்துக்கொள்ளும் கணக்கு 100 கிராமுக்கு: கருவேலம்பட்டை 50, கடுக்காய்த் தோல் 20, அதிமதுரம் 15, இந்துப்பு 10, கிராம்பு 5. கடுக்காயை உடைத்துக் கொட்டையை எறிந்துவிடுங்கள். "கடுக்காய்க்கு அகம் நஞ்சு" என்பது பழைய எச்சரிக்கை. கிராம்பைக் கூட்டாதீர்கள். அதன் எண்ணெய் மரத்துப்போகச் செய்யும். அதிகமானால் கன்னத்தின் உட்புறம் எரிந்து தோல் உரியும்.

இரும்பு உரலில் இடிக்க வேண்டாம். கடுக்காயிலும் கருவேலம்பட்டையிலும் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுத்துவிடும். கடுக்காயிலிருந்து எழுதும் மையே செய்திருக்கிறார்கள். கல்லுரலோ மிக்ஸியின் எவர்சில்வர் ஜாரோ போதும்.

இனி வருவதுதான் இதில் முக்கியமான வேலை: சலித்தல். மிக்ஸியில் அரைத்ததை மாவுச் சல்லடையில் சலித்துப் பாட்டிலில் போட்டுவிடுகிறார்கள். போதாது. சித்த வைத்தியர்கள் வஸ்திரகாயம் என்பார்கள். மெல்லிய வேட்டித் துணியைப் பாத்திரத்தின் வாயில் கட்டி, பொடியை அதன் மேல் போட்டு விரலால் தடவிச் சலிப்பது. நேரம் பிடிக்கும், தோள் வலிக்கும். பட்டையில் கண்ணுக்குத் தெரியாத நாரும் மணலும் இருக்கும். அவை பல்லை அறுப்பவை. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் எனாமலைவிடக் கடினம். எனாமலுக்கு அடியிலிருக்கும் தந்தினி எனாமலைவிட மென்மை. ஈறு இறங்கியவர்களுக்கு அது வெளியே தெரிந்துகொண்டிருக்கும்.

சலித்த பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நனைத்து, பளபளப்பான எவர்சில்வர் கரண்டியின் முதுகில் விரலால் இருபது முறை தேயுங்கள். கீறல் விழுந்தால் அந்தப் பொடியைச் செடிக்குப் போடுங்கள். கீறல் விழவில்லை என்பதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம் என்று பொருள் இல்லை. நாளுக்கு ஒருமுறை, கால் தேக்கரண்டிக்கும் குறைவு, மோதிர விரலாலோ மென்மையான பிரஷ்ஷாலோ. உமிக்கரி, செங்கல்பொடி, செங்காவி ஆகியவற்றை நான் சேர்ப்பதில்லை. தாத்தாவின் பல் வெள்ளையாக இருந்தது என்பார்கள். அறுபது வயதில் எத்தனை பல் தேய்ந்து குட்டையாகியிருந்தது என்பதையும் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். "ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி" என்ற பழமொழி குச்சியைப் பற்றியது. குச்சியை மென்றால் முனை நாராகிப் பிரஷ்ஷாகும். அதே பட்டையைப் பொடித்தால் அது தேய்ப்பான்.

எலுமிச்சைச் சாறு, அதனோடு ஆப்ப சோடா என்று கலவை சொல்பவர்களைக் கேட்காதீர்கள். எலுமிச்சையின் அமிலம் எனாமலை இளக்குகிறது. இளகிய பரப்பில் உடனே தேய்ப்பது அதை வழித்தெடுப்பதற்குச் சமம்.

பாட்டிலில் பிரஷ்ஷை நேராக நுழைப்பது எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. வீட்டுப் பொடியில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை. ஈரம் பட்டால், அதுவும் ஜூலை, ஆகஸ்டில் இந்த ஊர்க் குளிர்ந்த ஈரக்காற்றில், இரண்டு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த சிறு கரண்டியால் உள்ளங்கையில் போட்டுக்கொள்ளுங்கள்; ஆளுக்கு ஒரு சிறு டப்பா இன்னும் நல்லது. ஒரு மாதத்துக்கு மட்டும் செய்யுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: துவர்ப்புக் கறை வெள்ளை வாஷ்பேசினில் பழுப்பாக ஏறும். துப்பியதும் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிக்க இந்த ஊர் வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு காரணம் எதற்கு?

8. மாறும் மூன்று வாரம்

முதல் இரண்டு வாரம் காலையில் மட்டும் புதியது, இரவில் பழையது. காலையில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு குறைந்து பல்லுக்குப் பாதுகாப்பு மிகக் குறைவாக இருக்கும் நேரம் இரவு என்பதே. ஃப்ளோரைடு அப்போதுதான் அதிகம் உதவும். இரவு துலக்கியதும் நன்றாகத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளிக்காமல் படுங்கள். கொப்பளித்தால் வேண்டிய பொருள் வாஷ்பேசினோடு போய்விடும். மூலிகைப் பொடிக்கு இது பொருந்தாது. பொடியைக் கொப்பளித்தே ஆக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. பொடியையும் ஃப்ளோரைடு பற்பசையையும் ஒன்றாகக் கலந்து துலக்கவும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்துள்ள பொடி சில வகை ஃப்ளோரைடைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது.

வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மாறாதீர்கள். ஒருவர் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து அடுத்தவர். ஒருவருக்குப் புண் வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க அப்போதுதான் முடியும்.

முதல் நான்கைந்து நாள் வாய் வெறுமையாக இருக்கும். புதினாவின் குளிர்ச்சியைத்தான் இத்தனை காலம் சுத்தம் என்று நினைத்திருக்கிறோம். நாக்குச் சோதனையை நம்புங்கள். ஒரு லாபமும் உண்டு: நுரை தரும் பொருள் நாக்கின் இனிப்பு உணர்வைச் சற்று நேரம் மழுக்கிக் கசப்பை ஏற்றும். அது போனபின் துலக்கிய கையோடு குடிக்கும் ஃபில்டர் காபி காபியாகவே ருசித்தது. என் மாமியார் புதுப் பற்பொடிக்குச் சம்மதித்தது இந்த ஒரு காரணத்துக்காக.

மூன்றாவது வாரத்தில் இரவையும் மாற்றுவதா என்பதை ஒன்றாம் படியில் எழுதிய தாள் சொல்லட்டும். நான் மாற்றவில்லை. காலையில் பொடி, இரவில் நுரையில்லாத ஃப்ளோரைடு பற்பசை. அரைகுறை என்று அடுக்ககத்தில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

9. இடையில் வரும் தொல்லைகள்

ஈறில் ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. பெரும்பாலும் அங்கே படலம் தங்கி ஈறு வீங்கியிருக்கிறது. அழுத்தாமல், மென்மையாக, அதே இடத்தைத் தொடர்ந்து துலக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உதடு தடிப்பது, அரிப்பது, நாக்கு எரிவது வந்தால் அன்றே நிறுத்துங்கள். கிராம்பு, லவங்கப்பட்டை, புதினா எண்ணெய் மூன்றும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இயற்கை என்பதால் ஒவ்வாமை வராது என்பது இல்லை. பலாப்பழம் ஒத்துக்கொள்ளாதவரை நமக்குத் தெரியும்.

பல்லில் பழுப்புக் கறை ஏறினால் அது துவர்ப்புச் சத்து. அழுத்தித் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள். பொடியை ஒன்றுவிட்டு ஒருநாள் ஆக்குங்கள். மிச்சக் கறை அடுத்த சுத்தத்தில் போகும்.

காலையில் நல்லெண்ணெய் கொப்பளிக்கும் பழக்கம் இருந்தால் தொடரலாம், ஆனால் துலக்குவதற்குப் பதிலாக அல்ல. எண்ணெயை வாஷ்பேசினில் துப்பினால் குழாய் அடைக்கும். தாளில் துப்பிக் குப்பையில் போடுங்கள்.

10. குழந்தைகள்

பெரியவர்கள் மாறும்போது குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு போவதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். பால்பல்லில் எனாமல் மெல்லியது. சொத்தை வேகமாகப் பரவும். மாலையில் பள்ளி விட்டு வரும் வழியில் சாக்லேட்டும் பிஸ்கெட்டும் தின்னும் பிள்ளைக்கு ஃப்ளோரைடையும் பிடுங்கிக்கொள்வது நியாயமில்லை.

அளவில்தான் கவனம் வேண்டும். மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு, அதற்குமேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. பிரஷ் முழுக்க நீட்டி வைப்பது விளம்பரத்துக்காக. பற்பசையை நீங்களே வைத்துக் கொடுங்கள், துப்பும் வரை கூடவே நில்லுங்கள். நான்காம் படியில் தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதல் என்று தெரிந்திருந்தால் மட்டும் குழந்தைக்கு எது என்று பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கிராம்பு சேர்ந்த பொடியைச் சிறுபிள்ளை வாயில் வைக்காதீர்கள்; காரத்தில் அழுதபின் பிரஷ்ஷைக் கண்டாலே ஓடும்.

11. ஆறு மாதம் கழித்து

முன்பு போன அதே மருத்துவரிடம் போங்கள். "பல் எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்று பொதுவான பதில்தான் வரும். மூன்று கேள்வி கேளுங்கள்: புதிதாக வெண்புள்ளி ஏதாவது தெரிகிறதா, ஈறின் ஓரத்தில் பல் தேய்ந்திருக்கிறதா, போன முறையைவிடக் காரை கூடியிருக்கிறதா. வெண்புள்ளி சொத்தையின் முதல் அடையாளம். குழி விழாத அந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடுக்குத் திரும்பினால் மீட்டுவிட முடியும். ஓரத்தில் தேய்வு இருந்தால் பொடியை நிறுத்துங்கள், அல்லது கையைத் தளர்த்துங்கள். காரை கூடியிருந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போய், கடிகாரத்தை மறுபடி வாஷ்பேசின் பக்கத்தில் வையுங்கள்.